துடிக்கும் செல்லுக்கு ஒரு சாயம்

செங்கோடன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் ஹசீனா. கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேதியியல் பேராசிரியர். உயிருள்ள செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஒளிரும் சாயங்களை உருவாக்குவது அவருடைய ஆய்வுக்கூடத்தின் வேலை.

செல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. அப்படியே வைத்துப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஒரு மூலக்கூறைச் செய்து, அது உள்ளே போய்ச் சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி பார்த்துக்கொண்டால், அந்த இடம் மட்டும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

செங்கோடன் திருப்பூர்க்காரர். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குப் போனவர். பனியன் துணிக்கு நிறம் கூட்டுவதிலேயே காலம் ஓடியது. மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நானும் மேல படிக்கலாம்னு இருக்கேன்."

மனைவி வசந்தாமணி குழம்பை ஊற்றியபடியே யோசித்தாள்.

"போங்க. உங்க மக படிக்கிற படிப்பைப் பார்த்தா, வீட்ல ஒருத்தராச்சும் ஒழுங்காப் படிச்சாத் தேவலைன்னு இருக்குது."

அப்படித்தான் அவர் வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் அவரை அண்ணா என்றார்கள். ஹசீனா பெயரைச் சொல்லி, ‘நீங்க’ போட்டுப் பேசினார். அவர் ஹசீனாவை மேடம் என்றார். முதலில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் வேலை மும்முரத்தில் அது மறந்துபோயிற்று.

மூன்றாம் வருஷம் அவர் ஒரு சிவப்புச் சாயம் செய்தார்.

அந்த மாதிரி ஒன்றை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பச்சை விளக்கைக் காட்டினால் குடுவை முழுக்கத் தணலாகக் கனன்றது. பதப்படுத்தி வைத்திருந்த ஒரு செல்லில் அதை ஏற்றிப் படம் எடுத்தார்கள். கருப்புப் பின்னணியில் சிவப்பு இழைகள் பின்னிக் கிடந்தன. நிர்வாகம் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு முன்கூடத்தில் மாட்டியது. கேன்டீனுக்குக் குறுக்கு வழி இருந்தும் செங்கோடன் சில நாட்கள் முன்கூடம் வழியாகவே சாப்பிடப் போனார்.

ஒரு நாள் ஹசீனாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஆய்வேடு எழுத ஆரம்பிச்சரட்டுங்களா?"

"சாயத்தை அருளப்பன் சாருக்குக் கொடுத்தீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"கொடுத்துட்டு வாங்க."

அருளப்பன் மாடியில் இருந்த உயிரியல்காரர். நெட்டையான, அதிர்ந்து பேசாத மனிதர். கோழிக் கருவின் இதயத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்பார். செல்லுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கித் தருகிற மைட்டோகாண்ட்ரியா என்ற இழைகளைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. இதயச் செல் துடிக்கும்போது அந்த இழைகள் என்ன செய்கின்றன என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமலே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

"சாயம் போடறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை பாருங்க" என்று நுண்ணோக்கியின் முன்னிருந்து எழுந்துகொண்டார்.

செங்கோடன் குனிந்து பார்த்தார். தட்டின் அடியில் ஒரு சின்னக் கூட்டமாகச் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்றாகச் சுருங்கின. ஒன்றாக விரிந்தன. மறுபடியும் சுருங்கின.

"சார், இதுல இதயமே இல்லீங்களே. எப்படித் துடிக்குது?"

"இதயம் இல்லைன்னு அதுங்களுக்கு யாரும் சொல்லல."

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. மகள் பிறப்பதற்கு முன்பு ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது இப்படித்தான் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

அருளப்பன் தட்டில் சாயத்தை விட்டார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, விளக்கைப் போட்டார்.

நுண்ணோக்கியோடு இணைத்திருந்த திரை முழுக்கச் சிவப்பு. இழைகள் சிவப்பு, இழைகளைச் சுற்றிச் சிவப்பு, செல்லுக்கு வெளியே இருந்த தண்ணீரும் சிவப்பு.

"பாருங்க சார், எப்படிப் பத்திக்கிட்டு எரியுது" என்றார் செங்கோடன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்த அருளப்பன், கை நீட்டி விளக்கை அணைத்தார்.

"நின்னுடுச்சு."

"எது சார்?"

"துடிப்பு."

செங்கோடன் மறுபடி குனிந்து பார்த்தார். செல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அசைவில்லை.

அருளப்பன் கோபப்படவில்லை. தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அந்தச் செல்களை எவ்வளவு பக்குவமாக வளர்த்திருப்பார் என்பது அதை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

"நல்ல சாயம்தான், செங்கோடன். ஆனா செத்ததைப் பார்க்க என்கிட்ட வேற சாயமெல்லாம் இருக்கு. எனக்கு உசுரோட இருக்கிறதைப் பார்க்கணும்."

செங்கோடன் படி இறங்கினார். ஹசீனாவின் அறைக்கு நேராகப் போனார்.

"மேடம், துடிப்பு நின்னு போச்சுங்க. எங்கே தப்புப் பண்ணினேன்?"

ஹசீனா எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஒரு பெரிய பீக்கரில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். செங்கோடனின் சிவப்புச் சாயத்தைத் தாராளமாகக் கலக்கச் சொன்னார். அதே சாயம் ஏற்றிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் மணியை அதற்குள் போட்டார். பச்சை விளக்கைக் காட்டினார். பீக்கர் எரிந்தது.

"மணியை எடுங்க."

செங்கோடன் இடுக்கியை விட்டுத் துழாவினார். எங்கும் சிவப்பு. அடியில் தட்டினார், ஓரத்தில் தட்டினார். கண் கூசியதே தவிர மணி அகப்படவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணா, இந்தப் பக்கம்" என்று ஒருத்தி கைகாட்டினாள். அங்கேயும் இல்லை. கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

ஹசீனா வேறு பீக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி இன்னொரு மணியைப் போட்டார். விளக்கைக் காட்டினார். இருட்டுக்கு நடுவில் கடுகளவு சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

செங்கோடன் இடுக்கியை விட்டார். முதல் தடவையே வந்தது.

ஹசீனா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

செங்கோடனுக்கு அன்றைக்குப் புரிந்தது பாதிதான். சாயம் அதிகமாகிவிட்டது, குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். குறைத்துக் குறைத்துப் பார்த்தார். சாயம் குறைந்தால் இழை மங்கியது. மங்கலை ஈடுகட்ட விளக்கைக் கூட்ட வேண்டியிருந்தது. விளக்கைக் கூட்டினால், சூடு வைத்ததுபோலச் செல்கள் துவண்டன. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் துடித்தன. அப்புறம் நின்றுபோயின.

ஒவ்வொரு முறையும் அருளப்பன் புதுத் தட்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அவர் திட்டினால்கூடத் தேவலை என்று செங்கோடனுக்குத் தோன்றியது.

"மேடம், வெளிச்சம் குறைஞ்சாத் தெரிய மாட்டேங்குது. கூட்டினாச் சாகுது. பார்க்கவும் வேணும், சாகவும் கூடாதுன்னா எப்படிங்க?"

அப்போது கேன்டீனில் இருந்தார்கள். ஹசீனா தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடித்தார்.

"என் மக காலையில எழுந்ததும் அழ மாட்டா. மல்லாந்து படுத்துக்கிட்டு, தன் கால் விரலைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டுக் கிடப்பா. அதை வீடியோ எடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

"எடுத்தீங்களா?"

"போனைத் தூக்கினா போனைப் பார்க்கிறா. விரலை விட்டுடறா."

"அப்புறம்?"

"கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். வளையல் சத்தம் கேட்டுத் திரும்பிட்டா. வளையலைக் கழட்டி வச்சுட்டு வந்தேன். எட்டிப் பார்க்கிற என் மூஞ்சியைக் கண்டுபிடிச்சுட்டா. என்னைத் தூக்குன்னு அழ ஆரம்பிச்சுட்டா."

"அப்புறம் என்னங்க பண்ணினீங்க?"

"ஒரு நாள் அவ முழிக்கிறதுக்கு முன்னாடியே போய், பக்கத்துல போர்வை மாதிரி சுருண்டு படுத்துக்கிட்டேன். முழிச்சா. என்னைப் பார்த்தா. போர்வைன்னே நினைச்சிருப்பா போல. விரலைப் பிடிச்சா, சிரிக்க ஆரம்பிச்சுட்டா. எவ்வளவு நேரம் சிரிச்சாங்கறீங்க."

"வீடியோ எடுத்தீங்களா?"

"போன் ஹால்ல கிடந்துச்சு."

ஹசீனா சட்னியைத் தொட்டுக்கொண்டார். செங்கோடன் காத்திருந்தார். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

கதை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை எந்தக் குடுவையில் போட்டுக் காய்ச்சுவது என்று தெரியவில்லை. போர்வை, போர்வை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சில நாட்கள் அலைந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது, பழைய நண்பன் ஒருவனுடைய சாயப்பட்டறைக்குப் போகும்படி ஆயிற்று. அங்கே ஜீன்ஸ் துணிக்கான நூலுக்கு நீலம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் எத்தனையோ முறை பார்த்த வேலைதான். தொட்டியில் இருக்கிற சாயம் நீலமாக இருக்காது. மூத்திர நிறத்தில் இருக்கும் என்று வேலைக்காரர்கள் சொல்வார்கள். அதில் முங்கி மேலே வருகிற நூலும் மஞ்சள் பச்சையாகத்தான் வரும். உருளைகளில் ஏறி, காற்றுப் படப்பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும்.

செங்கோடன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மஞ்சளாக ஏறிய நூல், போய்ச் சேர வேண்டிய உயரத்துக்குப் போனதும் நீலமாயிற்று. பின்னாலேயே அடுத்த நூல் ஏறியது.

"ஏன்டா, இன்னைக்குத்தான் புதுசாப் பார்க்கிற மாதிரி பார்க்கறே?" என்றான் நண்பன்.

"ஆமாடா" என்றார் செங்கோடன்.

காப்பி சொல்லியிருந்தான். குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஹசீனா வருவதற்கு முன்பே அறை வாசலில் நின்றார்.

"மேடம், உள்ள போறப்போ அது சாயமாவே இருக்க வேண்டியதில்லீங்க."

ஹசீனா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ம்" என்றார். சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டு, கரும்பலகையைக் காட்டினார்.

செங்கோடன் வரைந்தார். மூலக்கூறின் நடுவில் ஒரு வளையம். அது மூடியிருந்தால் நிறம் இல்லை, ஒளிர்வும் இல்லை. மடக்கிய குடை மாதிரி, யார்மேலும் இடிக்காமல் செல்லுக்குள் போய்விடும். தண்ணீரில் இருக்கிறவரை மடங்கியே இருக்க வேண்டும். இழையின்மேல் போய் உட்கார்ந்ததும் விரிய வேண்டும். விரிந்தால்தான் அது சாயம்.

"சுத்தி எங்கயும் எரியாதுங்க. அதனால விளக்கைக் கொஞ்சமா வச்சாவே இழை தெரியும்."

"செய்ய முடியுமா?"

"தெரியலீங்க."

"சரி" என்று ஹசீனா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

செங்கோடன் செய்தார். மழைக்காலம் முழுக்க அது போயிற்று. கடைசியில் குடுவையின் அடியில் வெள்ளைவெளேரென்று ஒரு பொடி நின்றது.

அன்றைக்கு வசந்தாமணி போன் செய்தாள்.

"ஏனுங்க, என்னமோ புதுசாச் செய்யறேன்னீங்களே, ஆச்சுங்களா?"

"ஆச்சு."

"என்ன கலரு?"

"வெள்ளை."

"வெள்ளைங்களா? அதுக்கு சாயம் போடாமயே இருந்திருக்கலாமே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு மாடியில் நிலைக்கவில்லை. அருளப்பன் பொடியைக் கரைத்துத் தட்டில் விட்டார். செல்கள் துடித்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். துடித்துக்கொண்டேயிருந்தன. சாயங்காலமும் அப்படியே. ஆனால் விளக்கைப் போட்டால் எல்லாம் இருட்டு. ஓர் இழைகூடத் தெரியவில்லை.

"செல்லுங்க ரொம்ப சௌக்கியமா இருக்கு" என்றார் அருளப்பன். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

செங்கோடன் கீழே வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வளையத்தை அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தார். எதன்மேல் போய் உட்கார்ந்தாலும் அது திறக்கவில்லை.

ஹசீனா வந்து பார்த்தார்.

"முதல் பிள்ளை ஊரைக் கூட்டினான். இரண்டாவது ஊமையாப் பிறந்துட்டானா?"

"ஆமாங்க மேடம்."

"பெத்தவர் நீங்கதானே. இரண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தனைப் பெத்துடுங்க."

அதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் ஒரு விளையாட்டு ஆரம்பமாயிற்று. செங்கோடன் வளையத்தின் ஓரத்தில் ஓர் அணுவை மாற்றுவார். வளையம் கொஞ்சம் தளரும். அல்லது இறுகும். ஒவ்வொன்றாகச் செய்து சோதித்தார். பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். திறக்காததற்கு ஊமை. தண்ணீரிலேயே கண்டபடி ஒளிர்ந்ததற்கு ஓட்டைவாய். லேசாக, எல்லா இடத்திலும் மினுங்கியதற்கு முணுமுணுப்பு. காலையில் உள்ளே வருகிறவர்கள், "அண்ணா, இன்னைக்கு யாரு?" என்று கேட்பார்கள். "இன்னைக்கும் ஓட்டைவாய்தான், கண்ணு" என்பார். தோற்றுக்கொண்டே இருந்தார். ஆனால் சாயப்பட்டறையில் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தைவிட நன்றாகத் தூங்கினார்.

ஒரு நாள் முற்பகல், புதிதாகச் செய்ததைச் சோதிக்க உட்கார்ந்தார். அதுவும் வெள்ளைப் பொடிதான். தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சரி, இன்னொரு ஊமை என்று நினைத்தார். வேதியியல்காரர்கள் எதைச் செய்தாலும் அது சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளை மணல்மாவு பூசிய சின்னத் தகடு அது. மெல்லிய கண்ணாடிக் குழாயால் தொட்டு ஒரு புள்ளி வைத்தார். வைத்த இடமே தெரியவில்லை. பக்கத்தில் வைக்க அடுத்த குப்பியை எடுத்துத் திரும்பினார்.

புள்ளி சிவந்துகொண்டிருந்தது.

செங்கோடன் குழாயைக் கீழே வைத்தார். மூச்சுப் பட்டால்கூடப் போய்விடுமோ என்று பயந்ததுபோல மெதுவாகக் குனிந்தார். தகட்டைத் தொட்ட இடத்தில் மட்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிவப்பு பரவியது. குப்பிக்குள் பார்த்தார். அங்கே வெறும் தண்ணீர்போல நின்றது. மறுபடி தகட்டைப் பார்த்தார். சிவப்பு.

தண்ணீரில் மடங்கியிருந்தது, ஒன்றின்மேல் போய் உட்கார்ந்ததும் விரிந்திருந்தது. இன்னொரு புள்ளி வைத்தார். காத்திருந்தார். அதுவும் சிவந்தது. இன்னொன்று. இன்னொன்று. தகடு முழுக்கப் புள்ளி வைத்துவிட்டார். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி இருந்தது.

"கண்ணுகளா" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் இங்க வாங்க."

வந்தார்கள். யாரோ ஓடிப்போய் ஹசீனாவை அழைத்து வந்தார்கள். ஹசீனா மூக்குக் கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கினார்.

"தண்ணியில?"

"நிறமே இல்லீங்க."

"இதுல?"

"நீங்களே வச்சுப் பாருங்க மேடம்."

ஹசீனா புள்ளி வைத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லாத இடம் மெல்லச் சிவந்தது. ஹசீனா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, தகட்டைக் கையில் வைத்தபடி, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார்.

அப்புறம், "இவனுக்கு என்ன பேரு?" என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெயரும் அகப்படவில்லை.

"சரி. அருளப்பன் சார் மேல இருக்காரான்னு பாருங்க."

இருந்தார். அன்றைக்கு நல்ல செல்களும் இருந்தன. செங்கோடன் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினார்.

அருளப்பன் சாயத்தை விட்டார். விளக்கை மிகக் குறைவாக வைத்தார். திரை கருப்பாக இருந்தது. செங்கோடனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டில் துடிக்கிறது அதிகமா, தனக்குத் துடிக்கிறது அதிகமா என்று தெரியவில்லை.

"ஊமையா?" என்றார் அருளப்பன்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

முதலில் ஒரே ஓர் இழை தெரிந்தது. இல்லை, கண்ணின் பிரமை என்று நினைத்தார். பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இருட்டுக்குள் இருந்து ஒவ்வொன்றாக வந்தன. நீளமாக, குட்டையாக, வளைந்து, கிளைவிட்டு. சுற்றிலும் கருப்பு கருப்பாகவே இருந்தது.

செல் சுருங்கியது. இழைகள் எல்லாம் ஒன்றையொன்று நெருங்கின. செல் விரிந்தது. இழைகள் விலகின. மறுபடி நெருங்கின. நிற்கவில்லை.

"திரையில வேண்டாம், இங்க கண்ணை வச்சுப் பாருங்க" என்று அருளப்பன் இடம் விட்டார். செங்கோடன் குனிந்து பார்த்தார். கூட்டமாக நின்று கும்மியடிப்பவர்கள் குனிந்து நிமிர்வதைப்போல அந்த இழைகள் சேர்ந்து அசைந்தன. எழுந்து அருளப்பனிடமே இடத்தைக் கொடுத்தார்.

அருளப்பன் குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

டீ வந்தது. பக்கத்தில் வைத்தார்கள். அதில் ஆடை படிந்தது. பிள்ளைகள் மாடிக்கு வந்து திரையில் பார்த்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்கள். ஹசீனாவும் வந்தார். கதவோரம் சாய்ந்து நின்று பார்த்தார். செல்கள் துடித்துக்கொண்டேயிருந்தன.

செங்கோடன் மெதுவாக ஹசீனாவின் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. கூடவே ஏதோ உறுத்தலும் இருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும்ங்க."

"சொல்லுங்க."

"மேல வர்றதுக்கு முன்னாடி வெளிச்சத்தை அளந்து பார்த்தேனுங்க. பழைய சாயத்துல பாதிகூட இல்லை."

"அப்படியா?"

"பழசைக் காட்டினா போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பார்ப்பாங்க. இதைக் குப்பியில வச்சுக் காட்டினாத் தண்ணிம்பாங்க. நாளைக்கு ஆய்வேட்டுல எழுதணும். இதுதான் நல்ல சாயம்னு நான் எப்படிங்க எழுதறது?"

ஹசீனா அருளப்பன் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"சாயத்தைப் போட்டுப் பார்க்கிறவர் அவர். அவரையே கேளுங்க."

செங்கோடன் போய் அருளப்பனின் அருகில் நின்றார்.

"சார்."

அருளப்பன் நுண்ணோக்கியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், சாயம் எப்படி இருக்குங்க?"

அருளப்பன் கண்ணை எடுக்கவில்லை.

"எந்தச் சாயம்?"

செங்கோடன் அப்படியே நின்றார்.

"இங்க பாருங்க, செங்கோடன்" என்றார் அருளப்பன், இன்னும் குனிந்தபடியே. "இந்தக் குட்டி இழை இருக்கே, அது பக்கத்துல இருக்கிறதோட போய்ச் சேருது. சேர்ந்துட்டுத் துடிக்குது. இவ்வளவு நாளா இது இப்படியா இருந்துச்சு? என்ன அழகா இருக்குது."

செங்கோடன் திரும்பி வந்தார். பிள்ளைகள் நகர்ந்து வழி விட்டார்கள்.

"என்ன சொன்னார்?" என்றார் ஹசீனா.

"எந்தச் சாயம்னு கேட்டாருங்க."

"ஆய்வேட்டுக்கு முதல் வரி கிடைச்சுடுச்சு. போய் எழுத ஆரம்பிங்க."